நாலு கிலோ இருநூறு கிராம்

ஜொகூர் பாருவிலிருந்து அழைப்பு வந்தபோது அங்கம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி ஒரு தட்டில், உடலைப் பிளந்து முள்ளை எடுத்து இன்னொரு தட்டில். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் அவள் கணவன் செல்லப்பன் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்குகிறானா இல்லையா என்று இப்போதெல்லாம் அவளால் சொல்ல முடிவதில்லை.

"வணக்கம் அம்மா. மீனலோசனி பேசுறன். ஐயா சாப்பிடுறாரோ?"

"சாப்புடுறாரு டாக்டரம்மா. காலைல அஞ்சு வாய்."

"நான் டாக்டர் இல்லை, நர்ஸ் எண்டு எத்தனை தரம் சொல்லுறது?"

மீனலோசனி, செல்லப்பனுக்கு மருந்து ஏற்றும் ஜொகூர் பாருப் புற்றுநோய் மையத்தில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பாள். செல்லப்பன் அவளுக்கு 'ஓம் அம்மா' என்று பெயர் வைத்திருந்தான். இரண்டு மாதத்துக்கு முன், மருந்து ஏற்றும் வார்டில், கையில் ஒரு படிவத்தோடு அவர்களிடம் வந்தாள். 'பாரம்' என்பார்கள் அதை. நோயாளி ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கேட்கும் பாரம். மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. எத்தனை கிண்ணம், எத்தனை கரண்டி என்று கேட்டிருந்தது. அங்கம்மாவுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. கையால் பிசைந்து ஊட்டுகிறவளுக்கு வாய்க்கணக்குத்தான் தெரியும். அடுத்த முறை வந்தபோது பாரம் தமிழில் இருந்தது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் 'வாய்' என்று ஒரு கட்டமும் இருந்தது.

"அம்மா, நான் சொன்ன ஆய்வு இருக்கெல்லோ, அதுக்கு ஐயாவைக் கூப்பிடப் போறம்."

"எந்த ஆய்வுமா?"

"உடம்பு கரையிறதுக்கு. இந்த நோய் வந்தால் சாப்பாடு குறைஞ்சு மட்டும் மெலியிறேல்லை. நோயே தசையைத் தின்னும். என்ன ஊட்டினாலும் ஒட்டாது. அதுக்கு ஒரு மருந்து சோதிக்கிறம். இதுவரைக்கும் வெளியில நடந்த ஆய்வுகளில எங்கட ஆட்கள் ஆருமே இல்லை. ஆனா ஒரு நிபந்தனை. ஆறு மாசத்தில எடை நூற்றுக்கு அஞ்சுக்கு மேல குறைஞ்சிருக்கோணும். ஃபைலைப் பார்த்தால் ஐயாவுக்கு நாலுகூட இல்லை. ஸ்கேன் வேற கதை சொல்லுது. தசை நிறையப் போயிட்டுது. அதால வியாழக்கிழமை திருப்பி நிறுப்பம்."

"சரிம்மா."

"சட்டை, காற்சட்டை எல்லாம் கழற்றி, ஆஸ்பத்திரி கவுன் மட்டும்."

அங்கம்மா கையிலிருந்த நெத்திலியைத் தலை கிள்ளாமல் உடல்களோடு போட்டாள்.

"வெறும் கவுனா?"

"ஓம்."

செல்லப்பனுக்குக் கணையத்தில் நோய். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே, சாஆ என்ற அந்தச் சிறு பட்டணத்தில், அவன் தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு வயிறு என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் கண்டுபிடித்தபோது எடை அறுபத்தொன்று புள்ளி நாலு. முப்பது வருடம் பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்த உடம்பு அது. இருபதடிக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுத்த தோள். மார்ச்சில் மூன்றாவது முறை மருந்து ஏற்றப் போனபோது எடை ஐம்பத்தொன்பது என்றார்கள். அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு மலாய்க்காரரிடம், எடை இறங்கிவிட்டது, மருந்தைத் தள்ளிப் போடுகிறோம் என்று நர்ஸ் சொன்னது அங்கம்மாவின் காதில் விழுந்திருந்தது. இவர்களிடமும் என்னவோ விளக்கினார்கள். அவள் அதைக் கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

அங்கம்மா பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் பத்தொன்பது வருடம் உதிரிப் பழம் பொறுக்கியவள். குலை விழும்போது சிதறும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, சாலையோரம் வைத்தால் தராசு வரும். சாக்கின் அடியில் இரண்டு பிடி ஈர மணல் போடாதவர்கள் அந்த வரிசையில் யாரும் இல்லை. அதிகம் போட்டால் மேற்பார்க்கும் மண்டோர் காலால் உதைத்துக் கண்டுபிடித்துவிடுவான். சத்தம் மாறும். எவ்வளவு போட்டால் சத்தம் மாறாது என்பது கைக்குத் தெரிய வேண்டும். அங்கம்மாவின் சாக்கு ஒருமுறையும் பிடிபட்டதில்லை.

மருந்து ஏற்றாமல் திரும்பிய அந்த வாரமே, மகள் லோஷினியின் பழைய பள்ளிச் சீருடைத் துணியில் ஓர் இடுப்புப் பட்டை தைத்தாள். அதில் சின்னச் சின்னப் பைகள். செல்லப்பனின் வீச்சுவலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்து எடுத்தாள்.

"வலைய அறுத்துட்டியா?" என்று கேட்டான் அவன்.

"இப்ப ஆத்துக்குப் போகப் போறீங்களா?"

அவன் கைகளைத் தூக்கிக் காட்டினான். அவள் பட்டையைச் சுற்றிக் கட்டினாள்.

பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் தராசில் ஈயத்தை நிறுத்துப் போட்டாள். எடையை அப்படியே வைக்கவில்லை. அது சந்தேகம் தரும். ஒரு முறை நூறு கிராம் ஏறவும் மறுமுறை நூறு கிராம் இறங்கவும் விட்டாள். நிறுத்து முடிந்ததும் செல்லப்பன் கழிப்பறைக்குப் போவான். அவள் வெளியே பிரம்புப் பையோடு நிற்பாள். பட்டை பைக்குள் விழும். அதன் பிறகு மருந்து ஏறும். ஏப்ரலிலிருந்து ஒருமுறையும் மருந்து தள்ளிப் போகவில்லை. தான் செய்தது சரி என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"போன்ல யாரு?" செல்லப்பன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஓம் அம்மா. வியாழக்கிழம வரச் சொல்றாங்க. ஒடம்பு கரையிறதுக்கு மருந்தாம். கவுன் மட்டும் போட்டு நிறுப்பாங்களாம்."

வெளியே செம்பனைக் குலை லாரி ஒன்று போனது. அதன் சத்தம் தெருமுனையில் அடங்கியது.

"போக வேணாம்."

"மருந்து குடுக்குறாங்கங்க."

"வேணாம்னா வேணாம்லா."

கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தாள். நெத்திலிச் சம்பலின் வாசம் அவனுக்கு ஆகவில்லை. முகத்தைத் திருப்பினான். உப்பு மட்டும் போட்டு இரண்டு வாய் கொடுத்தாள். மூன்றாவதை வாயிலேயே வைத்திருந்து, வெகு நேரம் கழித்து விழுங்கினான்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பேச்சே இல்லை. சாயங்காலம் லோஷினி கூப்பிட்டாள். அவள் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறவள்.

"மா, அப்பா வெயிட் எப்படி?"

"அம்பத்தொம்பது."

"ஃபோட்டோல ரொம்ப ஒல்லியா இருக்காரே."

"ஒன் கேமரா அப்படிக் காட்டுது."

அதைச் சொல்லிவிட்டு அங்கம்மா கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். மகளிடமும் அதே எண்ணைச் சொல்லி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த எண்ணைத் தானும் பாதி நம்பத் தொடங்கியிருந்தாள்.

புதன்கிழமை, எங்கோ காடு எரிந்து வந்த புகைமூட்டம். நேர் எதிர்வீட்டுக் கூரை மங்கலாகத் தெரிந்தது. காற்று இல்லை. குளிக்கப் போன செல்லப்பன் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு தலைக்குத் தூக்க முடியாமல் நின்றான். அவள் உள்ளே போய் ஊற்றினாள். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் தோல் கறுத்து, வட்ட வட்டமாகக் காய்த்திருந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு குண்டு.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"கட்டுனப்ப வலிச்சிச்சா?"

"கார்ல ஒக்காந்தா குத்தும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ என்னா பண்ணுவ? பஞ்சு வச்சுத் தைப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டான். தேங்காய் எண்ணெய் தடவும்போது அவள் கேட்டாள்:

"ஏங்க போக வேணாங்கிறீங்க?"

"கவுனப் போட்டு ஏறுனா தெரிஞ்சிரும். ஒன்னத்தான் கேப்பாங்க. அத்தன பேரு முன்னால நீ கையக் கட்டிட்டு நிக்கணும்."

"மருந்து கெடைக்குமே."

"அது கெடைச்சு நா எத்தன வருசம்?"

இந்தக் கேள்வியை அவன் இதுவரை கேட்டதில்லை. அவள் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவ இடம் இல்லாமல் போன பிறகும் தடவினாள்.

"வருசம் கேக்கல. நீங்க அந்த வாளியத் தூக்கணும். அவ்ளோதான் கேக்குறேன்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சுகுமாறன் காரோடு வந்தான். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன். மார்ச்சிலிருந்து அவன்தான் கூட்டிப் போகிறான். முன்பு பெக்கோக்கில் மண்டோராக இருந்து, அங்கம்மாவின் வரிசையில் சாக்கை உதைத்துப் பார்த்தவனும் அவன்தான். செல்லப்பனைத் தாங்கிப் பின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு அங்கம்மாவைப் பார்த்தான்.

"என்னாக்கா, இன்னைக்கி அண்ணன் லேசா இருக்காரு?"

"மெலிஞ்சுட்டாரு."

"போறப்ப ஒரு எடை, வர்றப்ப ஒரு எடைன்னு நாலு மாசமா ஏத்தி எறக்குறேன். இன்னைக்கிப் போறப்பவே வர்ற எடை. அதான் கேட்டேன்."

கார் யோங் பெங் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் செம்பனை, புகைக்குள் வரிசை வரிசையாக வந்து போனது. அங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தெரிஞ்சுமா கேக்காம இருந்த?"

"சாக்குன்னா ஒதைச்சுப் பாக்கலாம்கா."

பின்னாலிருந்து செல்லப்பன் சிரித்தான். "ஒதைச்சிருந்தா ஒன் காலுதான் ஒடைஞ்சிருக்கும். அத்தனையும் ஈயம்."

"அலமாக்! ஈயமா? மணல்தான்னு நெனச்சேன். அக்கா முன்னேறிட்டாங்க."

"சொன்னா மருந்த நிறுத்திருவாங்களாடா?" என்றாள் அங்கம்மா.

"எனக்கென்னாக்கா தெரியும். நா ஒரு மண்டோர்."

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றான் செல்லப்பன். "தராசு என்ன காட்டுதோ காட்டட்டும். கேட்டா மெலிஞ்சிட்டேன்னு சொல்றேன். பொய் இல்லையே."

அப்படித்தான் முடிவாயிற்று. ஆனாலும் அங்கம்மாவின் பிரம்புப் பைக்குள் பட்டை இருந்தது. ஒருவேளை சட்டையோடு நிறுத்தாலும் நிறுப்பார்கள் என்று கிளம்பும்போது எடுத்து வைத்திருந்தாள்.

ஆராய்ச்சிப் பிரிவு என்பது ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் தராசு. செல்லப்பன் நீலக் கவுனில், வெறுங்காலோடு அதன் மேல் ஏறினான். மீனலோசனி குனிந்து பார்த்தாள்.

"ஐம்பத்து நாலு தசம் ரெண்டு."

ஃபைலைப் புரட்டினாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"மூண்டு கிழமைக்கு முன்னம் ஐம்பத்தொன்பது. ஐயா, வயித்தால போச்சுதோ? வாந்தி?"

"இல்ல. மெலிஞ்சிட்டேன்."

"மூண்டு கிழமையில அஞ்சு கிலோவோ?"

அவள் வெளியே போய் இன்னொரு தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதிலும் ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு.

"அப்ப மருந்து வார்டுத் தராசிலதான் பிழை," என்று தொலைபேசியை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரொஹானா வந்தாள். மருந்து வார்டில் ஒவ்வொரு முறையும் செல்லப்பனை நிறுத்தவள் அவள்தான். அவனுக்கு ஜன்னலோர நாற்காலி ஒதுக்கி வைப்பாள். கேட்காமலே சூடாக மைலோ கலந்து கொடுப்பாள். மீனலோசனி மலாயில் ஒவ்வொரு தேதியாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ரொஹானா தலையாட்டினாள். நான் சரியாகத்தான் நிறுத்தேன் அக்கா என்றாள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாயா என்று கேட்டாள் மீனலோசனி. கொண்டுவந்தேன் என்றாள். ஏப்ரலிலிருந்து அந்தத் தராசில் ஏறிய எல்லாரையும் திரும்ப நிறுக்க வேண்டும், எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்றாள் மீனலோசனி. ரொஹானா முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். ஒருமுறை செல்லப்பனைப் பார்த்தாள். உதவிக்குப் பார்க்கவில்லை. இவ்வளவு மெலிந்துபோனதைத் தான் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று பார்ப்பதுபோல இருந்தது.

"அவங்க மேல தப்பில்லம்மா," என்றாள் அங்கம்மா.

"நாந்தான் கட்டிக்கிட்டேன்," என்றான் செல்லப்பன், அதே மூச்சில்.

"அவரு சும்மா இருந்தாரு. நாந்தான் கட்டி விட்டேன்."

"என்ன கட்டினது?"

அங்கம்மா பையிலிருந்து பட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பேனா உருண்டு விழுந்தது. ரொஹானா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"அலமாக், பெராட்ஞா!"

எவ்வளவு கனம் என்று சொல்லிச் சிரித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீனலோசனி சிரிக்கவில்லை. ரொஹானாவின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. கவுனில் குளிர்ந்துபோன செல்லப்பனுக்கு அங்கம்மா தன் துண்டைப் போர்த்தினாள்.

"எங்கட ஆட்களை இதில சேர்க்கோணும் எண்டு நாலு மாசம் கூட்டம் கூட்டமாச் சண்டை பிடிச்சன்," என்றாள் மீனலோசனி. குரல் உயரவில்லை. "அவையள் பாரம் நிரப்ப மாட்டினம், ஒழுங்கா வர மாட்டினம் எண்டு மற்ற டாக்டர்மார் சொன்னவை. இல்லை, நாங்கள் அவையளின்ர மொழியில கேட்கேல்லை எண்டு நான் சொன்னன். முதல் ஆளே நீங்கள்."

"ஒங்கள அசிங்கப்படுத்திட்டோம்."

"அதை விடுங்கோ. ஏன் என்னட்டைக் கேட்கேல்லை?"

"எடை கொறைஞ்சா மருந்து ஏத்த மாட்டீங்கன்னு தெரியும். மார்ச்சுல ஏத்தல இல்ல?"

மீனலோசனி ஃபைலைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தாள்.

"அது ரத்தத்தில வெள்ளணு குறைஞ்சதுக்கு. எடைக்கு இல்லை அம்மா."

அங்கம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஆங்கிலம். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மேல ஒண்டு இருக்கு," என்று தயங்கினாள் மீனலோசனி. "அந்த மருந்தின்ர அளவே உயரத்தையும் எடையையும் வச்சுத்தான் போடுறது."

"அப்டின்னா?"

"நீங்கள் கூட்டிக் காட்டின எடைக்கு மருந்து போயிருக்கு."

"கூடப் போயிருக்கா?"

"கொஞ்சம்."

மே மாதம் செல்லப்பனுக்கு வாயெல்லாம் புண். விரல் நுனி மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அந்தப் புண்ணுக்கு அவள் தேங்காய்ப்பால் கொப்பளிக்கக் கொடுத்தாள். எல்லாருக்கும் வருவதுதான் என்று அப்போது சொன்னார்கள். இப்போது அவள் அதை முழுசாக நம்ப முடியாது, முழுசாகத் தள்ளவும் முடியாது. அவன் விரல்களைப் பார்த்தாள். அவன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"எந்த நாளில எவ்வளவு எண்டு ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. ஏப்ரல் மூன்று, எண்ணூறு கிராம். ஏப்ரல் பதினேழு, ஒன்றே கால் கிலோ. மே முதல் வாரம் ஒன்றே முக்கால். அங்கம்மா சுவரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். மீனலோசனி எழுதினாள். கடைசியாக மூன்று வாரத்துக்கு முன்: நாலு கிலோ இருநூறு கிராம். மீனலோசனி பக்கத்திலேயே கழித்துக் கழித்து எழுதி, கீழே கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே செல்லப்பன் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தான். எங்கேயும் ஒரு தாவல் இல்லை.

"இவ்வளவு சரியா இங்க ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்லை," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஆனா இதை நான் ஆய்வுக்கு எடுக்கேலாது."

டாக்டர் ஹேமநாதன் வந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. அவர்தான் ஆய்வுக்குப் பொறுப்பு. எழுதியதைப் படித்தார், பட்டையைத் தூக்கிப் பார்த்தார், மேசையில் வைத்தார். திட்டுவார் என்று அங்கம்மா எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. மருந்து நூத்துக்கு நாலு கூடியிருக்கு. பத்துக்குள்ள இருந்தா நாங்களே மாத்த மாட்டோம். ஆனா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்னைக்கிலேருந்து உண்மையான எடைக்குத்தான் போடுவோம்."

"ஆய்வுல சேப்பீங்களா ஐயா?"

"ஜனவரி எடை உங்க கை படாதது. இன்னைக்கி எடை நாங்க பாத்தது. அது ரெண்டும் போதும். ஏழு கிலோ போயிருக்கு, நூத்துக்குப் பதினொண்ணுக்கும் மேல." அவர் நிறுத்தினார். "ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பவே கூப்பிட்டிருப்போம். மெலிய ஆரம்பிக்கறப்பவே குடுத்தாத்தான் நல்லதுன்னு நெனைக்கிறோம். இப்பயும் சேரலாம். ஆனா இதுக்கு மேல போனா முடியாது."

அங்கம்மா உட்கார்ந்தாள்.

சம்மதப் பத்திரம் தமிழில் பதினோரு பக்கம். மீனலோசனி வரிவரியாகப் படித்தாள். செல்லப்பன் கண்ணை மூடிக் கேட்டான். ஏழாம் பக்கத்தில் கண்ணைத் திறந்தான்.

"இரும்மா. பாதிப் பேருக்குத்தான் மருந்தா?"

"ஓம். மற்றப் பாதிக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"வெறும் மாத்திரைன்னா ஏன் குடுக்குறீங்க?"

"அப்பத்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும். ரெண்டு பக்கத்துக்கும் சத்துமா, உடற்பயிற்சி எல்லாம் ஒண்டுதான்."

"எனக்கு வெறும் மாத்திரை விழுந்தா?"

"விழலாம் ஐயா."

"அங்கம்மா என்னா சொல்ற?"

"என்ன எதுக்குக் கேக்குறீங்க? நா சொன்னதெல்லாம் பாத்தாச்சே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "யோங் பெங் தாண்டி இவ்ளோ தூரம் வந்தாச்சு. போடு," என்று கையை நீட்டினான். மரத்த விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. அங்கம்மா அவன் கையைப் பிடிக்கப் போனாள். மீனலோசனி தடுத்தாள்.

"ஐயாதான் போடோணும். நேரம் எடுக்கட்டும்."

நேரம் எடுத்தது.

கிளம்பும்போது மீனலோசனி மாத்திரைப் புட்டியோடு ஒரு பெட்டியும் ஒரு நோட்டும் கொண்டுவந்து அங்கம்மாவின் கையில் கொடுத்தாள். பெட்டிக்குள் தட்டையான கண்ணாடித் தராசு.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில, சாப்பிட முன்னம் நிறுத்து இதில எழுதோணும். அடிச்சுத் திருத்தக் கூடாது."

"என்ன நம்பியா குடுக்குறீங்க?"

"எல்லாருக்கும் குடுக்கிறதுதான். மாசம் ஒருக்கா இங்கயும் நிறுப்பம். ரெண்டும் ஒத்துப் போகோணும்." கொஞ்சம் நின்று, "பிடிக்காத எண் வந்தாலும் எழுதுங்கோ. ஏற்கெனவே சேர்த்தாச்சு. குறைஞ்சது எண்டு ஆரையும் வெளியில விட மாட்டம்," என்றாள்.

பட்டையை அவள் திருப்பித் தரவில்லை. அங்கம்மாவும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் லோஷினி கூப்பிட்டபோது ஐம்பத்து நாலு என்றாள் அங்கம்மா. மறுமுனையில் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தாள். வைக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது புகை குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கி நான்கு நாள். அது மருந்தா, வெறும் மாத்திரையா என்று இரண்டு பேரும் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அங்கம்மா தராசை முன்னறைச் சிமெண்டுத் தரையில் சமமான இடம் பார்த்து வைத்தாள். அடியில் ஏதும் தட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள். நோட்டை விரித்து, தேதி எழுதி, பேனாவோடு நின்றாள்.

செல்லப்பன் கைலியோடு ஏறினான். ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பது.

நாலு நாளில் முந்நூறு கிராம். அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவன் கேட்டான்:

"எவ்ளோ?"

"அம்பத்து மூணு புள்ளி ஒம்பது."

"எழுதாத."

பேனா நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கைலி இருக்கு. அங்க கவுனு காத்தாட்டம் இருந்துச்சு, இது கனத்த துணி," என்றான். "கதவச் சாத்து."

"அதுல என்னா இருக்கப் போவுது?"

"சாத்துங்கறேன்ல."

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். அவன் கைலியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டு ஏறி, பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தான். எண்கள் ஓடி நின்றன. அவள் குனிந்து பார்த்து, சத்தமாகப் படித்தாள்.

"அம்பத்து மூணு புள்ளி ஆறு."

"எழுது."

எழுதினாள்.